மேற்படிப்புப் பிரிவும் நம் பிள்ளைகளும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒவ்வோர் ஆண்டும் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியானதும் நம் பள்ளி அலுவலகத்தின் முன்னுள்ள வேப்பமர நிழலில் பெற்றோர் வந்து கூடுவர். நாம் தலைமையாசிரியராய்ப் பணியாற்றும் அரசு உயர்நிலைப் பள்ளி பத்தாம் வகுப்போடு முடிவது. ஆகவே, மேல்நிலைக் கல்விக்கு வேறு பள்ளியை நாடவேண்டியுள்ள பிள்ளைகளுக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்குதற்கென அவர்கள் வருகின்றனர். சான்றிதழ் கைக்கு வந்த பின்னும் அவர்கள் நகர்வதில்லை. "ஐயா, எந்தக் குரூப்பில் சேர்ப்பது? நீங்களே ஒன்று சொல்லிவிடுங்கள்" என்று கேட்டு நிற்பர். இவ்வினாவுக்கு நாம் அரை நிமிடத்தில் விடை கூறி அனுப்பிய ஆண்டுகள் பல.

வெள்ளி விழா மலருக்கென நம் கல்விச் சங்கத்தின் வரலாற்றை எழுதித் தருக என்று செயலாளர் பணித்தார். அதனை நம்மினும் நன்கறிந்த மூத்த உறுப்பினர் இருக்கின்றனர். ஆதலின் நாம் வேறொரு வரலாற்றை எழுதத் துணிந்தோம். வேப்பமரத்தடியில் கேட்கப்படும் அந்த வினாவின் வரலாறே அது. நம் மக்களின் கல்வி வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் பள்ளியின் வாயில் திறந்ததா, மூடியிருந்ததா என்பதோடு நின்றுவிடுகின்றனர். வாயிலுக்கு உள்ளே இன்னொரு வாயில் இருந்தது என்பதையும், அதன் முன் நம் பிள்ளைகள் எவ்வாறு நிறுத்தப்பட்டனர் என்பதையும் இளைஞர் அறிதல் வேண்டும்.

முதல் வாயிலைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வோம். 1856ஆம் ஆண்டில் பம்பாய் மாகாணத்துத் தார்வார் நகரில் மகர் வகுப்புச் சிறுவன் ஒருவன் அரசுப் பள்ளியில் தன்னைச் சேர்க்க மறுத்ததை எதிர்த்து அரசுக்கு விண்ணப்பித்தான். ஒருவனுக்காகப் பலரைப் பகைத்துக்கொள்ள இயலாது என்னும் போக்கில் மாகாண அரசு அவனைக் கைவிட்டது. கும்பினியின் இயக்குநர் அவை பின்னர் அரசுப் பள்ளிகள் எல்லா வகுப்பாருக்கும் உரியவை என்று எழுதியது. எழுதியது எழுத்தாய் நிற்க, ஊர்ப் பள்ளி அக்கிரகாரத்திலோ கோயிலை ஒட்டியோ இருந்த இடங்களில் நம் முன்னோர் அத்தெருவில் கால் வைக்கவே இயலாதிருந்தது. சென்னை மாகாணத்தில் செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் நம் மக்களின் நிலையை அரசுக்கு எழுதியதும், அதன் பயனாய் நிலம் வழங்கும் ஆணை 1892இல் பிறந்ததும் பலர் அறிந்தவை. ஆல்காட் துரை 1894இல் அடையாற்றில் இலவசப் பள்ளி தொடங்கினார். கிறித்தவச் சபைகள் அதற்கு முன்பே சேரிகளில் பள்ளி நடத்தின. இவையனைத்தும் நன்றியோடு நினைக்கத்தக்கவையே. எனினும் இவற்றுள் மிகப் பல எழுத்தறிவும் எண்ணறிவும் அளித்துத் தொடக்கக் கல்வியோடு நின்றவை. அதற்கு மேல் நம் பிள்ளை படிக்கக்கூடும் என்னும் எண்ணமே அன்று அரிதாயிருந்தது.

விதிவிலக்காய் மேலேறியவர் சிலர். இரட்டைமலை சீனிவாசனாரும், வெஸ்லி மிஷன் பள்ளியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று ஆசிரியத் தொழில் புரிந்து சட்டமன்றம் புகுந்த எம்.சி.ராஜாவும், சட்டக் கல்லூரியில் பாடம் நடத்திப் பின் 1945இல் சென்னை மாநகரத் தந்தையாகிய ந.சிவராஜும் அத்தகையோர். ராஜா ஓர் ஆசிரியர் என்பதில் நமக்குத் தனியாக ஒரு பெருமை உண்டு, அதனை மறைப்பானேன்!

இனி உள்வாயிலுக்கு வருவோம். அதனைத் தெளிவாய்க் காட்டும் முதற்சான்று அண்ணல் அம்பேத்கர் வாழ்விலேயே உள்ளது. பம்பாயில் உயர்நிலைப் பள்ளியில் பயின்றபோது அவர் இரண்டாம் மொழியாகச் சமற்கிருதம் கற்க விரும்பினார். தீண்டப்படாதவன் என்பதனால் அப்பாடம் அவருக்கு மறுக்கப்பட்டது. பாரசீகம் பயிலுமாறு ஆயிற்று. பள்ளி அவரைச் சேர்த்துக்கொண்டது. பாடம் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இந்த வேறுபாட்டை நன்கு மனத்தில் இருத்துக. 1907இல் மெட்ரிகுலேஷன் தேறி, எல்பின்ஸ்டன் கல்லூரியில் பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று 1912இல் பி.ஏ. முடித்தார். 1913இல் அதே மன்னரின் உதவியால் கொலம்பியா சென்றபோது, பொருளாதாரத்தில் மட்டும் 29 பாடங்கள் எடுத்துப் படித்தார் என்பர். இன்ன பாடம் உனக்கு ஆகாது என்று சொல்ல அங்கே எவரும் இல்லை. சமற்கிருதத்தைப் பின்னாளில் தம் முயற்சியாலேயே கற்றார்.

அவர் தம் துன்பத்தைச் சொந்தத் துன்பமாக மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. வைசிராயின் நிருவாக அவையில் உறுப்பினராயிருந்த 1942ஆம் ஆண்டில், தாழ்த்தப்பட்டோர் குறைகளைத் தொகுத்து வைசிராயிடம் ஒரு விண்ணப்பம் அளித்தார். அதில் கல்வி பற்றி அவர் கூறியதன் கருத்து நம் இளைஞர் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. கலைப் பாடங்களும் சட்டமும் மட்டும் நம் மக்களை உயர்த்தமாட்டா. அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் உயர்தரக் கல்வியே தேவை. அது செலவு மிக்கது. ஏழைப் பெற்றோரால் இயலாதது. ஆகவே அரசு பொறுப்பேற்க வேண்டும் என்பதே அக்கருத்து. தாமே சட்டமும் பொருளாதாரமும் கற்றவர் இதனைச் சொன்னார் என்பதைக் கவனிக்க. இம்முயற்சியின் தொடர்ச்சியாகவே மெட்ரிக்குக்குப் பிந்திய கல்வி உதவித்தொகை 1944இல் இந்திய அரசால் தொடங்கப்பெற்றது. இன்று நம் பிள்ளைகள் பெறும் உதவித்தொகையின் வேர் இதுவே.

தமிழகத்தில் உள்வாயிலைத் திறக்க முனைந்தோருள் சுவாமி சகஜானந்தரைத் தனியே குறிப்பிடல் வேண்டும். ஆரணிப் பக்கம் பிறந்து துறவு பூண்ட அவர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியை நிறுவினார். நந்தனார் வாயிலில் நின்று உருகிய ஊரிலேயே அவர் பெயரால் பள்ளி! தொடக்கப் பள்ளியோடு நில்லாமல் உயர்நிலைக் கல்வியையும், தங்கிப் படிக்கும் விடுதியையும் அங்கே உண்டாக்கியதே அவர் செய்த பெருந்தொண்டு. தென்னார்க்காட்டுச் சேரிகளில் பிறந்து அரசுப் பணிக்குச் சென்ற பழந்தலைமுறையினரை வினவிப் பாருங்கள். நந்தனார் விடுதியில் உண்டவர் ஒருவரேனும் அகப்படுவார். தொழிலாளர் துறையார் நடத்திய பள்ளிகளும் விடுதிகளும் இதே காலத்தில் பெருகின. "லேபர் பள்ளிக்கூடம்" என்று நம் பாட்டனார் வழங்கிய பள்ளிகளே பின்னர் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் ஆயின.

விடுதலை பெற்ற பின் கதவு முழுவதும் திறந்துவிட்டது என்று எண்ணியிருந்த வேளையில் 1953இல் வந்தது புதிய தொடக்கக் கல்வித் திட்டம். அன்றைய முதல்வர் இராசாசி கொணர்ந்த அத்திட்டத்தின்படி, சிற்றூர்ப் பிள்ளைகள் நாளில் ஒருவேளை பள்ளியிலும், எஞ்சிய நேரத்தில் பெற்றோர் தொழிலிலும் ஈடுபடவேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதனைப் பெயரிட்டு எதிர்த்தனர். தச்சன் மகன் தச்சு கற்பது கேடா என்று கேட்டாரும் உண்டு. தச்சனைப் பற்றி நாம் ஒன்றும் சொல்லவில்லை. நம் சேரியில் அன்று தந்தையின் தொழில் யாது? பண்ணையாள் வேலை, செத்த மாடு அப்புறப்படுத்தல், பறையடித்தல், சாவுச் செய்தி சொல்லப் போதல். இவற்றைக் கற்கவா பிற்பகல் விடுமுறை? 1954இல் காமராசர் முதல்வரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. பின் அவர் பகலுணவும் தந்தார்; சிற்றூர்தோறும் பள்ளியும் தந்தார்.

இங்கே ஒரு நுட்பமான செய்தி உள்ளது. அதனைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம். குலக்கல்வி பெயரோடு வந்தமையால் எதிர்க்க முடிந்தது. பெயரில்லாமல் வந்த பிரிவினையை எவரும் எதிர்க்கவில்லை. பதினோராண்டு எஸ்.எஸ்.எல்.சி. நடைமுறையில் இருந்த காலத்தில், உயர்நிலை வகுப்புகளில் கணிதம் இரண்டாக இருந்தது. ஒன்று பொதுக் கணிதம். மற்றொன்று காம்போசிட் கணிதம் என்று வழங்கியது. பொதுக் கணிதம் எளிது. அன்றாட எண்கணிதமே அதில் மிகுதி. மற்றதில் இயற்கணிதமும் வடிவியலும் ஆழமாக வரும். பொதுக் கணிதம் படித்தவருக்கு எஸ்.எஸ்.எல்.சி. தேறுவது எளிதாயிற்று. ஆனால் கல்லூரியில் புகுமுக வகுப்பில் கணிதமும் இயற்பியலும் எடுக்க எண்ணினால் அந்த எளிய கணிதம் உதவாது. பதினான்கு வயதில் எழுதிய ஒரு விருப்பத் தாள் பொறியியல் கல்லூரியின் வாயிலைத் திறக்கவோ அடைக்கவோ செய்தது. விருப்பத் தாள் என்று பெயர்; விருப்பம் யாருடையது என்பதுதான் கேள்வி.

நம் மூத்த அண்ணன் அக்காலத்தில் படித்தவர். நம் வீட்டில் முதன்முதல் உயர்நிலைப் பள்ளி கண்டவரும் அவரே. கூட்டல் கழித்தலை வாயாலேயே சொல்லிவிடுவார். அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் கூலி நெல்லைக் கணக்கிட்டுச் சொல்ல நம் தெருவார் அவரையே அழைப்பர். பள்ளியில் பிரிவு கேட்ட நாளில் காம்போசிட் என்று எழுதிக் கொடுத்தாராம். ஆசிரியர் ஒருவர், "உனக்கெதற்கு இந்தத் தொல்லை? தேறுகிற வழியைப் பார்" என்று சொல்லி அடித்துத் திருத்திவிட்டார். அவ்வாசிரியர் கொடியவர் அல்லர் என்றே அண்ணன் இன்றும் சொல்வார். புத்தகம் வாங்கிக் கொடுத்தவரும் அவரேயாம். அண்ணன் எஸ்.எஸ்.எல்.சி. தேறினார். புகுமுக வகுப்பில் கணிதம் கிடைக்கவில்லை. எழுத்தர் வேலைக்குப் போய், மதிப்புடன் ஓய்வு பெற்றார். மாலை நேரங்களில் நம்மையும் தம்பி தங்கையரையும் உட்காரவைத்துக் கணக்குப் போட்டுக் காட்டும்போது, விடை வந்த பின்னும் அவர் நிறுத்தமாட்டார். இதையே வேறு வழியில் போடலாம் என்று தொடர்வார். நமக்குத் தூக்கம் வரும்.

தீமை எப்போதும் பகைமை வடிவில் வருவதில்லை. இரக்கத்தின் வடிவிலும் வருகிறது. "பாவம், இவனால் இயலாது" என்னும் இரக்கம் நம் பிள்ளைகளுக்கு இழைத்த கேடு, "இவன் வரக்கூடாது" என்ற பகைமை இழைத்ததற்குக் குறைந்தது அன்று என்பதே நம் துணிபு.

1978இல் தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி வந்தது. புகுமுக வகுப்புக்கென நகரக் கல்லூரியை நாடிய நிலை மாறி, பதினொன்றும் பன்னிரண்டும் பள்ளிக்கே வந்தன. இது நம் மக்களுக்கு, சிறப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு, கிடைத்த பெரும்பேறு. ஆனால் இருவகைக் கணிதத்தின் இடத்தில் இப்போது பல பிரிவுகள் வந்தன. கணிதமும் உயிரியலும் சேர்ந்த முதற்பிரிவு ஒரு பள்ளியில் இருக்கும். பக்கத்துப் பள்ளியில் வரலாறும் வணிகவியலும் மட்டும் இருக்கும். ஆய்வகம் வேண்டும், முதுகலை ஆசிரியர் வேண்டும் என்பதால் அறிவியல் பிரிவு நகரத்தை ஒட்டிய பள்ளிகளிலேயே முதலில் வேரூன்றியது. சிற்றூர்ப் பிள்ளைக்குத் தேர்வு என்பது பேருந்து எந்த ஊருக்குப் போகிறது என்பதே.

நாம் பதினொன்றாம் வகுப்பில் சேரச் சென்றது 1986இல். நம் தந்தையார் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். முதற்பிரிவு கேட்டோம். எழுதியவர் நிமிர்ந்து பார்க்காமலே வரலாற்றுப் பிரிவு என்று எழுதினார். நாம் ஒன்றும் பேசவில்லை, தந்தையாரும் பேசவில்லை. வரலாறு நமக்குச் சோறு போட்டது. இன்று இக்கட்டுரையை எழுதவும் வைக்கிறது. அதனை நாம் பழிக்கவில்லை. கலைப் பாடம் தாழ்ந்தது என்று எண்ணும் இளைஞர் எவரேனும் இதைப் படிப்பராயின், அரசமைப்புச் சட்டம் வரைந்த கை சட்டமும் பொருளாதாரமும் கற்ற கை என்பதை நினைக்க. நாம் கூறவருவது வேறு. வரலாறு நாம் தேர்ந்தது அன்று.

இவ்வளவும் அறிந்த நாமே பின்னாளில் செய்ததைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை நேர்மையாகாது. 2002ஆம் ஆண்டு, நாம் அப்போது பட்டதாரி ஆசிரியர். நம் பள்ளியில் பத்தாம் வகுப்பில் முதலாவதாகத் தேறிய பெண், நம் தெருவைச் சேர்ந்தவளே. கணிதத்தில் 88, அறிவியலில் 91. அவள் தந்தை செங்கற் சூளையில் கூலி. "சார், பாப்பா நர்சு வேலைக்குப் படிக்கணும் என்கிறாள், டாக்டர் என்றும் சொல்கிறாள். என்ன செய்யலாம்?" என்றார். அறிவியல் பிரிவு உள்ள பள்ளி பதினான்கு கிலோமீட்டர். காலையில் ஒரு பேருந்து, மாலையில் ஒன்று. அதைத் தவறவிட்டால் இருட்டில் நடக்க வேண்டும். மூன்று கிலோமீட்டரில் கலைப் பிரிவுள்ள பள்ளி. தனிப்பயிற்சிக்குப் பணம் இல்லை. நாம் கணக்கிட்டோம், தேறினால் போதும், பெண்பிள்ளை பாதுகாப்பாகப் போய் வரட்டும் என்று எண்ணினோம். "வரலாறே எடுக்கட்டும், அதில் முதல் மார்க் வாங்குவாள்" என்றோம். தந்தை கும்பிட்டார். அந்தப் பெண் நம் முகத்தைப் பார்த்தாள். நாம் சொன்னபடியே முதல் மதிப்பெண் வாங்கினாள். அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்தாள். இன்று ஓர் அங்கன்வாடியில் பணியாற்றுகிறாள்.

நம் அண்ணனின் விருப்பத் தாளை அடித்துத் திருத்திய கைக்கும் நம் கைக்கும் என்ன வேறுபாடு என்று பலமுறை எண்ணியதுண்டு. அவரும் தேறுகிற வழியைத்தானே சொன்னார்.

ஆசிரியர் தரப்பு நெருக்கடியையும் இளைஞர் அறியட்டும். ஆய்வுக் கூட்டங்களில் தலைமையாசிரியரை முதலில் கேட்பது தேர்ச்சி விழுக்காடு. எத்தனை பேர் கடினப் பாடத்தை விரும்பி எடுத்தனர் என்று நம்மை எவரும் கேட்டதில்லை. நடுத்தர மதிப்பெண் பெற்ற பிள்ளை முதற்பிரிவில் தவறினால் விழுக்காடு குறையும். எளிய பிரிவில் தேறினால் கூடும். இக்கணக்கில் முதலில் பலியாவது எதிர்த்துக் கேட்க ஆளில்லாத வீட்டுப் பிள்ளை.

தொழிற்கல்லூரிகளின் வாயிலும் இக்காலத்தில் மாறி மாறி அமைந்தது. 1951இல் செம்பகம் துரைராசன் வழக்கில் வகுப்புவாரி ஆணை வீழ்ந்ததும், தமிழகத்தின் போராட்டத்தால் அரசமைப்புச் சட்டம் முதன்முறை திருத்தப்பட்டு இடஒதுக்கீடு நிலைபெற்றதும் யாவரும் அறிந்தவை. 1971இல் நம் ஒதுக்கீடு 18 விழுக்காடாயிற்று. 2009இல் அதனுள் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. இடையில் 1984இல் தொழிற்படிப்புகளுக்கு மாநில நுழைவுத் தேர்வு கொணரப்பட்டது. நகரங்களில் பயிற்சி நிலையங்கள் முளைத்தன. 2006இல் மாநிலச் சட்டமன்றம் அத்தேர்வை நீக்கச் சட்டம் இயற்றியது. மேல்நிலை மதிப்பெண்ணே அளவுகோலாயிற்று. பத்தாண்டுக் காலம் சிற்றூர்ப் பிள்ளைகள் மூச்சு விட்டனர். 2017இல் மருத்துவத்திற்கு நீட் தேர்வு தமிழகத்தில் நடைமுறைக்கு வந்தது. அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா, சுமை தூக்கும் தொழிலாளியின் மகள், 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றிருந்தும் மருத்துவ இடம் பெற இயலாது அவ்வாண்டு செப்டம்பரில் மறைந்தார். கடினமான பிரிவை எடுத்தாள். இருட்டில் நடந்தும் படித்தாள். விதியையே மாற்றிவிட்டார்களே என்று நம் தெருப் பெண்கள் அன்று பேசிக்கொண்டதை நாம் மறவோம். 2020இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு சட்டமாயிற்று. முதலாண்டிலேயே 300க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எம்.பி.பி.எஸ். சேர்ந்தனர். 2021இல் பொறியியல் முதலிய படிப்புகளுக்கும் அது விரிந்தது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்திருத்தல் இதற்குத் தேவை என்பதைப் பெற்றோர் நன்கு நினைவில் வைக்க. நல்ல பள்ளி என்று கடன் வாங்கி இடையில் தனியார் பள்ளிக்கு மாற்றி, உரிமையை இழந்து நிற்கும் குடும்பங்களை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம்.

இருவகைக் கணிதம் பழங்கதை என்று நினைத்திருந்தோம். மத்தியக் கல்வி வாரியப் பள்ளிகளில் 2020ஆம் ஆண்டுப் பொதுத்தேர்வு முதல் பத்தாம் வகுப்புக் கணிதம் அடிப்படை, தரநிலை என இரண்டாக்கப்பட்டது. அடிப்படைக் கணிதம் எழுதியவர் மேல்வகுப்பில் கணிதம் எடுக்க இயலாது என்பதே தொடக்க விதி; பின்னர் அது தளர்த்தப்பட்டது. அப்பள்ளிகளில் படிக்கும் நம் பிள்ளைகள் சிலரே. எனினும் இதனைக் கேள்வியுற்றபோது அண்ணனிடம் சொன்னோம். அவர் சிரித்தார்.

இன்றைய நிலையில் எப்பிரிவு எவ்வழியில் செல்லும் என்பதைச் சுருங்கக் கூறுவோம். கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் உள்ள பிரிவு பொறியியல், மருத்துவம் ஆகிய இரண்டிற்கும் வழிவிடும், சுமையும் மிகுதி. உயிரியலுக்கு மாறாகக் கணினி அறிவியல் எடுத்தால் மருத்துவக் கதவு எளிதில் திறவாது. கணிதம் இன்றித் தாவரவியல், விலங்கியல் எடுத்தவர் மருத்துவம், செவிலியம் நாடலாம். பொறியியல் நாட இயலாது. பொறியியல் தரவரிசைக்குரிய 200 மதிப்பெண்ணில் 100 கணிதத்தினுடையது. வணிகக் கணிதம் அதற்கு ஈடாகாது. பெயர் ஒத்திருப்பதால் ஏமாந்தவர் உண்டு. ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு எப்பிரிவும் தடையன்று. பட்டயக் கணக்கர் படிப்புக்கும் அவ்வாறே. பத்தாம் வகுப்பு முடித்துப் பல்தொழில்நுட்பப் பயிலகத்தில் பட்டயம் பெற்றவர் பொறியியலில் நேரே இரண்டாமாண்டு சேரலாம். இவ்வழி நம் பிள்ளைகள் பலருக்கு ஏற்றது. ஏனோ நாம் அதனைப் பேசுவதே இல்லை.

பிரிவு தேர்வது பத்தாம் வகுப்பில் தொடங்குவதன்று. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய் வழி மற்றும் தகுதித் தேர்வில் வென்றால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1000 ரூபாய் கிடைக்கும். ஒன்பதில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு உண்டு. அரசு மாதிரிப் பள்ளிகள் மாவட்டந்தோறும் வந்துள்ளன. தங்கிப் படிக்கவும், உயர்கல்வி நிறுவனங்களின் நுழைவுத் தேர்வுக்குப் பயிலவும் அங்கே வசதி உள்ளது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் பெண்பிள்ளைகளுக்கு 2022 முதலும், ஆண்பிள்ளைகளுக்கு 2024 முதலும் மாதம் 1000 ரூபாய் வழங்கும் திட்டங்களும் வந்தன. பேருந்துக் கட்டணத்திற்கு அஞ்சி ஒரு பெண்ணை வரலாற்றுப் பிரிவுக்கு அனுப்பிய நமக்கு இவற்றின் அருமை தெரியும்.

சங்கத்தின் செயற்குழுவில் இப்பொருளைப் பேசியபோது மூத்த உறுப்பினர் ஒருவர் மறுத்துரைத்தார். "பத்துப் பேரைத் தூக்கி உயரத்தில் வைப்பதற்கு நூறு பேரைக் கீழே விடுவதா? நம் சங்கம் தொடங்கியது தவறிய பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துவதற்கு. மாதிரிப் பள்ளிக்கு நன்றாகப் படிப்பவனை அனுப்பிவிட்டால் எஞ்சிய பிள்ளைகள் யாரைப் பார்த்துப் படிப்பார்கள்?" என்றார். அவர் கூற்றில் உண்மை உண்டு. நம் பள்ளியிலிருந்து இருவர் மாதிரிப் பள்ளிக்குச் சென்ற ஆண்டில் அவ்வகுப்பு ஒளி குன்றியதை நாமே கண்டோம். இருபத்தைந்து ஆண்டுகளாக நம் மாலை வகுப்பு எத்தனையோ பிள்ளைகளைக் கரையேற்றியது. அதனை நிறுத்துமாறு எவரும் சொல்லவில்லை. ஆனால் இந்த இருபத்தைந்து ஆண்டும் நம் சங்கம் கேட்ட கேள்வியும் தேறினானா என்பது ஒன்றே. அரசு கேட்ட அதே கேள்வி. இடர்ப்படும் பிள்ளைக்கு மாலை வகுப்பும், விரைந்து கற்கும் பிள்ளைக்கு மேற்பாடமும் ஒரே கூரையின்கீழ் நடத்தலாம். பின்னவர் முன்னவர்க்குச் சொல்லிக் கொடுக்கவும் செய்யலாம் என்பது நம் கருத்து. பெரியவர் முழுதும் உடன்படவில்லை. பார்ப்போம் என்றார்.

அண்மையில் ஒரு மே மாதம் அந்த அங்கன்வாடிப் பணியாளர் தம் மகளோடு வேப்பமரத்தடிக்கு வந்தார். மகள் நம் பள்ளியிலேயே பத்தாம் வகுப்பு முடித்தவள். மாற்றுச் சான்றிதழில் கையெழுத்திட்டுக் கொடுத்தோம். எந்தப் பிரிவு என்று அவர் நம்மைக் கேட்கவில்லை. "பயோ மேத்ஸ் எழுதிக் கொடுத்துவிட்டோம் சார். பதினான்கு கிலோமீட்டர்தான், இப்போது நான்கு பஸ் போகிறது" என்றார். நல்லது அம்மா என்றோம். வேறு சொல் வரவில்லை.

வரும் ஆண்டு முதல் தேர்வு முடிவு வெளியாகும் நாள் தொடங்கி ஏழு நாள்களும் நம் சங்கக் கட்டடம் காலை ஒன்பது மணி முதல் இரவு எட்டு மணிவரை திறந்திருக்கும். சங்கத்தால் படித்துப் பணியிலுள்ளோர் நாளுக்கு இருவராக அங்கே அமர்வர். செவிலியர் ஒருவர், பொறியாளர் ஒருவர், வழக்கறிஞர் ஒருவர் ஏற்கெனவே இசைந்துள்ளனர். வருவோர் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் படிகளோடு வருக. பிள்ளையையும் கட்டாயம் உடனழைத்து வருக. முதலில் பேசவேண்டியவர் பிள்ளையே.